விட்டுப்போன பத்து கிலோமீட்டர்

ஊரப்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே போகப்போகிறேன் என்று சொன்னதும் என் பழைய டிப்போ நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மச்சான், தெருமுனைல பால் வாங்கவே நீ வண்டிய எடுப்பியே!" என்றான் ஒருவன். பொய்யில்லை. இருபத்தெட்டு வருஷம் சிட்டி பஸ் ஓட்டியவன் நான். தாம்பரத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் இடையில் எந்தப் பள்ளம் எந்த மழையில் பெரிதாகும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அந்த ரோட்டில் ஒரு நாளும் நடந்ததில்லை. நடப்பவர்களைப் பார்த்து ஹாரன் அடித்ததோடு சரி.

என் மனைவி கதை வேறு. எங்கள் தெருக்காரர்களோடு சேர்ந்து பதினோரு வருஷமாக ஒவ்வொரு தை மாதமும் திருவண்ணாமலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். "கவர்மென்ட் இவ்ளோ பஸ் விட்டிருக்கு, நீ ஏன் நடக்கற?" என்று நான் வருஷா வருஷம் கிண்டல் செய்வேன். அவள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திடீரென்று ஒரு வருஷம் ஏன் நடக்க ஆரம்பித்தாள் என்று நானும் கேட்டதில்லை. பெண்களுக்கு ஆயிரம் வேண்டுதல் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். டிப்போவில் போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்து, இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "ஒரு ஆக்சிடென்ட் இல்ல. ஒருத்தர் மேல ஒரு கீறல் இல்ல. இந்தக் கை!" என்றேன். அவள் மாலையை வாங்கி சாமி படத்துக்குப் போட்டாள். அப்போதுதான் சொன்னாள். "நீங்க யார் மேலயும் ஏத்தாம நல்லபடியா இறங்கிட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து வரோம்னு வேண்டிக்கிட்டேங்க. நடுவுல ஓர் அடிகூட வண்டில ஏறக்கூடாது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிரேக் மிதித்தது நான், நன்றி சாமிக்கா? ஆனாலும் பதினோரு வருஷமாக என்னிடம் ஒன்றும் கேட்காதவள் கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன்.

கிளம்பிய நாளன்று எனக்கு வந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது! மொத்தம் பதினான்கு பேர். முன்னால் போவது எங்கள் மார்க்கெட்டில் பூ விற்கும் அக்கா, அவர்தான் குழுவுக்குத் தலைவி. பின்னால் அரிசி, பாத்திரம், பாய், மருந்து எல்லாம் ஏற்றிய குட்டியானை வண்டி. அதற்குக் கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் டிரைவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் செருப்பில்லாமல் இறங்கி நடந்தேன். முன்னால் போகும் லாரியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. பக்கத்தில் உரசிக்கொண்டு போன பஸ்ஸைப் பார்த்து, "ஹாரன் அடிச்சுத் தொலையேன்யா!" என்று கத்தினேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டிரைவர் சார், இன்னா நீங்க ஓவர்டேக் பண்ணிகினே போறீங்க? லைன்ல வாங்க," என்று பூக்கார அக்கா தினம் பத்து தடவை அதட்டினார். என்னால் முடியவில்லையே! மதுராந்தகம் ஏரியை நூறு முறை பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். கரையோரமாக நடந்தபோது அது முடியவே இல்லை. எவ்வளவு பெரிய தண்ணீர்! திண்டிவனத்தில் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பியதும் சத்தம் அடங்கியது. இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல், நடுநடுவே பச்சையாக வேர்க்கடலைக் கொல்லை. யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் குடம் நிறைய மோர் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நான் மூன்று டம்ளர் குடித்தேன்.

செஞ்சிக்கு முன்னால் ஓர் ஊரில் ரோடு பூராவும் கொள்ளுச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறினால் காய் உடைந்து கொள்ளு பிரியும். பஸ்ஸில் வந்திருந்தால் அந்த ஊரையே திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது சந்தோஷமாக ஏறி மிதித்தேன். அங்கே கூட்டிக்கொண்டிருந்த பெண், "நீங்க மிதிச்சா எங்க பிரியும், அண்ணா? ஒரு பஸ்ஸு வந்தா தேவல," என்று சொல்லிவிட்டாள். குழுவே சிரித்தது. என் தொழில் தெரியாமலே வாரிவிட்டாள்.

ஐந்து நாளில் என் கால் இரண்டும் கொப்புளம். ஆனால் ஓர் அடி விடவில்லை. ஆறாம் நாள்தான் கடைசி நாள். ஆலம்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் விடியற்காலை கிளம்பத் தயாராக நின்றோம். வண்டி டிரைவர் வெந்நீர் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது பிடி நழுவியது. அவ்வளவும் அவருடைய வலது பாதத்தில். பாவம், அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாதம் உடனே சிவந்து உப்பிவிட்டது. பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பத்து கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வண்டியும் அங்கேதான் போக வேண்டும். வண்டி முதலாளிக்குப் போன் செய்தால், மாற்று டிரைவர் பஸ் பிடித்து வர மதியம் ஆகும் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னால முடியாது," என்றேன் சத்தமாக. "வேற யாராவது எடுங்க." குழுவில் இன்னும் ஒருவரிடம் லைசென்ஸ் இருந்தது. தாம்பரத்தில் ஏதோ ஆபீசில் வேலை செய்பவர். "லைசென்ஸ் இருக்கு சார், ஆனா அது வாங்கின நாளோட சரி, வண்டியே தொட்டதில்ல," என்று தலையைச் சொறிந்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து, மலை தெரியப்போகிற நாளில் நான் வண்டியில் ஏறுவதா? அவள் பதினோரு வருஷ வேண்டுதல் என்ன ஆவது?

என் மனைவி கிட்டே வந்தாள். "ஏங்க, சாவிய வாங்குங்க. மனுஷன் கால் வெந்து கிடக்கார். நீங்க டிரைவர்." அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. நான் சாவியை வாங்கினேன்.

இருபது நிமிஷத்தில் கீழ்பென்னாத்தூர். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக வண்டி ஓட்டுவது எனக்குக் கசந்தது. டிரைவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கட்டுப் போட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கூட வந்த சமையல்கார அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். "நான் திரும்ப நடக்கறேம்மா. விட்ட இடத்துக்குப் போய் நடந்து வந்துடறேன்."

"சாமிக்கு முதுகக் காட்டிக்கினா நடப்பீங்க?" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். மேற்கே அண்ணாமலையார் மலை, நீலமாக, முழுசாக நின்றது. முதுகைக் காட்ட எனக்கும் மனசு வரவில்லை. டிப்போவின் குறுகிய வளைவில் கண்ணாடியைப் பார்த்தே பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவன் நான்! மலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்க ஆரம்பித்தேன். ஐம்பது அடி பிரமாதமாகப் போனது. அப்புறம் மெத்தென்று எதன் மேலோ மோதினேன். எருமை. அதை ஓட்டிவந்தவர், "பாத்து வரக்கூடாதா சார்? கண்ணு முன்னாடிதான இருக்குது?" என்றார். என் தொழில் வாழ்க்கையின் முதல் ஆக்சிடென்ட் அதுதான். சாமி மன்னிப்பார் என்று திரும்பி, ஒழுங்காக நடந்தேன்.

பாதி வழியில் எதிரே எங்கள் குழு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். "நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் ஆலம்பூண்டி வரைக்கும் போய்த் திரும்பி, சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிடுவேன்."

என் மனைவி தன் பையைப் பூக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு, நான் போகும் பக்கம் திரும்பி நின்றாள்.

"நீ எதுக்கு? நீதான் நடந்துட்டியே."

"ரெண்டு பேரும் சேர்ந்துன்னுதான வேண்டிக்கிட்டேன்," என்றாள். பூக்கார அக்கா, "போய்ட்டு வாங்க, சோறு வெச்சிகினு இருக்கோம்," என்று குழுவைக் கிளப்பினார்.

அவள் காலிலும் கொப்புளம். நொண்டிக்கொண்டுதான் வந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் வெந்நீர் கொட்டிய ஈரம்கூடக் காய்ந்திருந்தது. நான் வண்டியில் ஏறிய இடத்தை மிதித்துவிட்டுத் திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது. எனக்கு அவளிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

"ஒரு நாள் கீழ்க்கட்டளைல சைக்கிள்ல வந்த ஒரு பெரியவர் என் பஸ் முன்னாடி விழுந்துட்டார். அன்னைக்குக் கண் அசந்துட்டேன். அவரப் பாத்து நான் பிரேக் போடல. பிரேக் மேல கால் எப்படிப் போச்சுன்னே தெரியல. டயருக்கும் அவர் தலைக்கும் ஒரு சாண் இல்ல. என் திறமைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். பொய்."

அவள் நடையை நிறுத்தவில்லை. "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க சாப்பிடாம பஸ்லயே விட்டுட்டு வந்த டிபன் பாக்ஸ உங்க கண்டக்டர்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நீங்க கண் அசந்தத அவர்தான் சொன்னார். அடுத்த தைல நடக்க ஆரம்பிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. "பன்னெண்டு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, மறுநாள் தைரியமா பஸ்ஸ எடுத்திருப்பீங்களா?"

நடுரோட்டில் நின்று அழுதேன். பின்னால் வந்த ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பிறகு அந்தக் கையை விடவில்லை. கீழ்பென்னாத்தூர் வரைக்கும் அப்படியே நடந்தோம்.