மணலுக்கு ஒரு காற்று, தாருக்கு ஒரு காற்று

மஸ்கட்டில் ரொட்டி வாங்கக்கூட ஜீப் உயரத்து வண்டியில்தான் போகிறார்கள். வாசலில் நின்று ஹாரன் அடித்தால் கடைக்காரர் ஓடிவந்து ஜன்னலில் கொடுப்பார். உள்ளே ஏசி, தரையில் கம்பளம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஐ.டி.ஐ. முடித்து, இங்கே ஓர் ஓமானியர் குடும்பத்துக்கு அப்படியொரு வண்டி ஓட்டுகிறேன். "வண்டிக்கு ஏதாவது ஆனால் ஊருக்கு அடுத்த விமானம்" என்று சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்.

ஒரகடம் பக்கம், எங்கள் ஊரான வல்லத்தில் நான் பார்த்த ஜீப் வேறு. கம்பெனிக்காக எங்கள் நிலங்களை எடுக்க, அளக்க வந்தது. கதவு கிடையாது, மேலே கித்தான். வரப்பேறி எங்கள் சேற்று வயலில் இறங்கி, உறுமிக்கொண்டே அந்தப் பக்கம் ஏறியது. "இன்னாடா இது, எருமையாட்டம் பூந்துகினு போவுது!" என்றான் பக்கத்து வயல் முருகேசன். ஆபீசர்கள் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருக்க, அவனும் கூட்டாளிகளும் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாள் வேறு ஜீப் வந்தது. நான் கிளம்பும்போது அப்பா சொன்னார்: "வேலைய வுட்டுட்டு மட்டும் வந்துடாத கண்ணு. வந்தா நிக்க நெலம் கீதோ இல்லியோ."

போன வெள்ளிக்கிழமை முதலாளியின் மனைவியான மேடத்தையும் பிள்ளைகளையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மேடம் தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டினார். சேற்றிலேயே அந்த ஜீப் போனதே, இதுவும் உயரம்தானே என்று மணலில் இறக்கிவிட்டேன். பின்சக்கரங்கள் வீணாகச் சுழன்று புதைந்தன. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேறு, இது வேறு என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் முகம்தான் முன்னால் வந்தது.

வலைகளை ஏற்றிய பழைய ஜீப்பில் என் வயதுள்ள மீனவர் ஒருவர் வந்தார். சலாம் சொல்லிவிட்டுக் குந்தி, எங்கள் டயரிலிருந்து காற்றை இறக்கத் தொடங்கினார். "நோ! நோ!" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். எங்கள் ஊரில் அது விரோதிக்குச் செய்கிற வேலை.

"யூ டிரைவர்?" என்றார்.

"யெஸ்."

"யா அல்லா!" என்று வானத்தைப் பார்த்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என் கையை விலக்கிவிட்டு நாலு டயரிலும் காற்றை இறக்கினார். காற்றுக் குறைந்த டயர்கள் மணல்மேல் அகலமாகப் பரவின. அவர் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்ததும் வண்டி வெளியே வந்தது. கீறல்கூட இல்லை. மேடம் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

எங்கள் வயல் வழியாக இப்போது ரோடு போடுகிறார்களாம். முருகேசனே ஜல்லி கொட்டுகிறானாம். இனி அங்கே எந்தக் காரும் போகும். மணலுக்கு இறக்கிய காற்றோடு தார்ச்சாலையில் வேகம் போகக்கூடாது. அன்று திரும்பும்போது, காற்றடிக்கப் பெட்ரோல் பங்க் வரும்வரை, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தேன்.