கொட்டாய் என்று எழுதப்பட்ட பதினேழு வீடுகள்

தறிக்கு மேலே விட்டத்தில் கட்டியிருந்த தூளி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை இல்லை. எழுபதுகளின் கடைசியில், ஆரணிக்கு வெளியே ஒரு மண் அணையின் கீழே நான் கண்ட காட்சி இது. அப்போது நான் ஓவர்சியர். உல்லாசப் படகு விடுவதற்கென்றே அந்த அணையில் தண்ணீர் தேக்கினார்கள். மட்டம் குறையக் கூடாது என்று, உபரி நீர் வழியும் கலங்கலில் ஆறு பலகைகளை அடைத்து மண்ணும் பூசியிருந்தார்கள். பெருமழை வந்தால் நீர் வழிய இடமில்லாமல் கரையே உடையும்.

அணைகளை ஆபத்து வாரியாக வகைப்படுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. கரை எவ்வளவு உறுதி என்பதல்ல கணக்கு; உடைந்தால் கீழே யார் சாவார்கள் என்பதுதான். வயல் மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு, வேலை முடிந்தது. ஆள் குடியிருந்தால் ஆபத்து அதிகம். பலகைகளைப் பிடுங்க வேண்டும், கலங்கலை அகலப்படுத்த வேண்டும். கரையடியில் புறம்போக்கில் பதினேழு நெசவு வீடுகளை எண்ணி வைத்திருந்தேன். எங்கள் இன்ஜினியர் நம்பவில்லை, நேரில் வந்தார். முதல் வீட்டுத் தறிக்காரம்மா வாசலை மறைத்து நின்றாள்.

"குடித்தனம்லாம் டவுன்லங்க சார். இங்க தறி மட்டுந்தான்."

உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது.

"அது இன்னா சத்தம்?"

"பூனைங்க சார். பட்டு நூல எலி கடிக்குதுன்னு வச்சிகினுகீறோம்."

"அடுப்புல சோறு வேவுதே, அதுவும் பூனைக்கா?" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். "அவங்களே சொல்லிட்டாங்க இல்ல? வீடில்ல, தறிக் கொட்டாய்னு எழுதுய்யா." படகுத் துறைத் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். அவர் நகர்ந்ததும் எட்டிப் பார்த்தேன். தூளி காலியாக ஆடியது. மிதிகட்டை இருக்கும் தறிக்குழிக்குள் ஒரு பழைய புடவையில் குழந்தை கிடந்தது. அணை கசிந்தால் அந்த வீட்டில் முதலில் நீர் ஊறும் இடம் அதுதான்.

அடுத்த ஐப்பசி மழையில் அப்படியே ஊறியது. கலங்கலருகே நின்ற என்னிடம் அவள் நனைந்தபடி ஓடிவந்தாள். "குழியில தண்ணி பொங்கிகினுகீது சார், ஜல்தியா பலகைய எடுங்க!" படகுக் குத்தகைக்காரர் கத்தக் கத்த, நெசவாளர்களே கடப்பாரையால் ஆறு பலகைகளையும் பெயர்த்தார்கள். கரை தப்பியது. ஒரு வீட்டிலும் தறியில் கட்டியிருந்த பாவு நூல் தப்பவில்லை.

மழை விட்டதும் மறுபடி போனேன். இப்போதாவது வீடு என்று சொல்லம்மா, வகையை மாற்ற எழுதுகிறேன் என்று கெஞ்சினேன்.

"சொன்னா காலி பண்ண சொல்வாங்க. தண்ணி எப்பவோ ஒரு தபா வரும் சார். தாலுகா ஆபீஸ் ஆளு, குடி இருக்குதான்னு பாக்க மாசாமாசம் வரான். யாருக்கு நான் பயப்படறது?"

அவளை மீறி எழுதியும் பார்த்தேன். குடியிருப்போரே மறுத்துவிட்டார்கள் என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பினார்கள். யார்மேல் கோபப்படுவது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். படகுகள் ஓடுகின்றன. கலங்கலில் இப்போது எட்டுப் பலகைகள். கீழே வீடுகளை எண்ணினேன், அறுபத்திரண்டில் நிறுத்திவிட்டேன். அணை இன்றைக்கும் ஆபத்து குறைந்த வகையில்தான் இருக்கிறதாம். அந்த முதல் வீட்டில் தறி இல்லை. குழியை மூடி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதற்கு நேர் மேலே ஒரு தூளி ஆடியது. குழந்தை உள்ளேயே இருந்தது, காலை உதைத்துக்கொண்டு. அதை ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் இப்போது யாருக்கும் இல்லை. எண்ணுவதற்கென்று எவரும் வருவதில்லை.