ஷூவில் பதிந்த ஐந்து விரல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நாரணாபுரத்தில் குடியிருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஓட்டத்தில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் கிடையாது. அந்தத் திமிர் தலைக்கேறியிருந்த நேரத்தில்தான் டிரில் டீச்சர் பீரோவைத் திறந்து, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடியை எடுத்து என் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கே அந்த ஒரு ஜோடிதான். சனிக்கிழமை விருதுநகரில் நடக்கிற போட்டியில் அதைப் போட்டுக்கொண்டு நான் ஓட வேண்டும்.

"வெள்ளை வெளேர்னு கொண்டு வரணும். ஒரு கறை இருந்துச்சோ, ஓட விட மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட டீச்சர்.

வியாழக்கிழமை சாயங்காலம் சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். உள்ளே அச்சாபீஸ் கழிவுத் தாளைத் திணித்து நிழலில் வைத்தேன். வெயிலில் காய்ந்தால் மஞ்சள் பூத்துவிடுமாம். மறுநாள் சாக்கட்டியை ஊறவைத்துக் குழைத்துப் பூசி முடித்தபோது, அடடா, கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. முற்றத்தில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். குடத்தோடு திரும்பும்போது தூறல் விழுந்தது. பதறி ஓடி வந்தால், அம்மா அதற்குள் ஷூவை வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள் ரேகையிலும் நகக்கண்ணிலும் ஏறி, அவள் கை எப்போதும் ஈயம் பூசிய பாத்திரத்தின் நிறத்தில் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வேலையிலிருந்து வந்த சூட்டோடு, கைகூடக் கழுவாமல் எடுத்திருக்கிறாள். ஐந்து விரலும் அப்படியே ஷூவில் பதிந்திருந்தன.

"உன்ன யாரு தொடச் சொன்னா? இந்தக் கைய வச்சிக்கிட்டு இனிமே என் சாமானத் தொடாத! பாக்கவே அசிங்கமா இருக்கு!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"மழ வந்துருச்சேன்னு எடுத்தேன் தாயி" என்றாள் அம்மா.

நான் சோறு வேண்டாம் என்று அழுதுகொண்டே படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் ஷூ பளிச்சென்று இருந்தது. மறுபடி கழுவி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி, புதிதாகச் சாக்கட்டி பூசியிருந்தாள், வாழ்நாளில் செருப்பே போட்டறியாதவள். கையில் சுற்றிக்கொண்டு பூசிய கந்தல் துணி இரண்டும் அடுப்போரம் கிடந்தன. 'இந்தப் புத்தி நேற்றே வந்திருக்கக் கூடாதா' என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அம்மாவும் விருதுநகர் வந்தாள். டீச்சர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டு நல்லா யாரு பூசுனது?"

"நான்தான் டீச்சர்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்தில் நின்ற அம்மா, "ஆமா டீச்சர், அவதான்" என்றாள்.

முதலாவதாக வந்தேன். மைதானமே கைதட்டியது. நான் அம்மாவைத் தேடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கை மட்டும் வெளியே வரவில்லை. பரிசாகக் கிடைத்த வெண்கலக் கோப்பையை ஓடிப்போய் நீட்டினேன். அதையும் அவள் வாங்கவில்லை.

"நீயே வச்சிக்க தாயி, எல்லாரும் பாக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்தங்கல் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஊரே கைதட்டுச்சு. உனக்கு மட்டும் ஏம்மா மனசு வரல?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மறந்தே போச்சு தாயி."

பெற்ற பிள்ளை ஜெயித்தபோது கைதட்ட மறக்கிற அம்மாவும் உண்டா என்று, அதற்கும் சேர்த்து இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.