தலைக்குள் இருக்கும் மெட்டி

போன வாரம் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேரனின் உச்சிக்குழி துடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சம்பந்தி சின்னமுத்துவின் மண்டை ஞாபகம் வருகிறது. அதுவும் ஒருகாலம் இப்படித்தான் துடித்தது.

அப்போது ஹுன்னஸ்கிரியக் கோப்பித் தோட்டத்தில் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில் குடியிருந்தோம். கோப்பிப் பழச் சாக்கு நிறையவில்லை என்று கங்காணியின் தம்பி பேச்சியம்மாவைப் பிரம்பால் விளாசினான். அவள் புருஷன் சின்னமுத்து பிரம்பைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தான். பல் தெறித்தது. அடிபட்டவன் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் சின்னமுத்துவின் தலையில் ஒரே போடு. மண்டையோட்டில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. வெட்டியவன் காட்டுக்குள் ஓடிவிட்டான்.

அலவத்துகொடயிலிருந்து வெட்டுக்காய வைத்தியர் மர்சூக் வந்தார். ஓட்டையைப் பித்தளைத் தகட்டால் மூடித் தோலைத் தைத்தார். சில நாளில் காயம் சீழ் பிடித்து நாறியது. சின்னமுத்து பிதற்றினான். மர்சூக் தையலைப் பிரித்துத் தகட்டைப் பிடுங்கினார். நான் அவன் கால்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவன் அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“பித்தளைய சதை ஏத்துக்கல்ல புள்ள. என்ட பிழைதான். சுத்த வெள்ளி இருந்தா தாங்க, அதோட சதை சண்டை பிடிக்காது.”

“ரூபாக் காசு ஆகுமா?” என்று கேட்டாள் பேச்சியம்மா.

“அதுல செம்பு கலந்தீக்கு.”

பேச்சியம்மா குனிந்து கால்விரலைப் பார்த்தாள். தாய் போட்டனுப்பிய மெட்டி, சுத்த வெள்ளி.

சின்னமுத்துவின் தங்கச்சி ரத்தினம்மா பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்தாள். “மூச்சு இருக்கையிலேயே மெட்டிய கழட்டுவியா? எங்கண்ணன உசுரோட கொல்றியே, பாவி!”

“மெட்டிய போட்டுக்கிட்டே அவர பொதைக்கச் சொல்றியா? கைய எடு!”

எடுக்கவில்லை. பேச்சியம்மா அந்தக் கையைக் கடித்தாள். பதிலுக்கு அவள் கன்னத்தில் அறை விழுந்தது. வீங்கிய விரலில் மெட்டி நகரவில்லை. கத்தி முனையைக் கொடுத்து நெம்பினாள். இரண்டும் தோலோடு வந்தன.

கொல்லன் அவற்றை உலையில் உருக்கித் தகடாக்கினான்; ஆறியதும் மர்சூக் அதை மண்டையில் பதித்தார். இந்தத் தடவை சீழ் வைக்கவில்லை. தகட்டின் மேல் சதை மெல்ல மூடியது. ஒரு காலையில் சின்னமுத்து கஞ்சி கேட்டான்.

பேச்சியம்மா அப்புறம் மெட்டியே போடவில்லை. வேறொன்று போட்டால் தலையில் இருப்பது கோபித்துக்கொள்ளும் என்று பயம். அவர்கள் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்தேன்.

நேற்றுப் பேரனைத் தொட்டிலில் போட்டோம். புசல்லாவையிலிருந்து வந்த சொந்தக்காரி பாப்பம்மா பேச்சியம்மாவின் காலைப் பார்த்து, “மெட்டியில்லாதவ தொட்டில தொடலாமா?” என்று முணுமுணுத்தாள்.

பேச்சியம்மா சின்னமுத்துவின் குடுமியைப் பிடித்து இழுத்துவந்து, அவள் முன்னால் தலையை அமுக்கினாள்.

“தொட்டுப் பாருடி என் மெட்டிய!”

“மெதுவா புள்ள, கழண்டுறப் போகுது!” என்றான் சின்னமுத்து.

பாப்பம்மா தொட்டாள்; தோலுக்கடியில் தகடு விரலில் தட்டியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தொட்டில் கயிற்றைப் பேச்சியம்மாவின் கையில் கொடுத்தாள்.