கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு நூல்

எங்கள் வீட்டுப் பழைய வெள்ளைக் காரை வாங்க போன மாதம் ஒருவர் வந்திருந்தார். முன் கண்ணாடியின் வெளிப்பக்கம், கீழே, நட்டநடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பசைத் தடம். அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய மாத்தணும் போலயே" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அண்ணாச்சி, அது கீறல் இல்ல, பசை. வேணும்னா எடுங்க, இல்லேன்னா விடுங்க" என்றேன். மனிதர் விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து, "வாயை வச்சிக்கிட்டு நீ ஒரு பொருள வித்துருவியாக்கும்" என்றாள். விற்காமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பசை இருக்கும் இடத்தில்தான் என் மைனி ஒரு சாண் சிவப்புக் கம்பளி நூலை ஒட்டி வைத்திருந்தாள்.

மைனி என்றால் அண்ணன் மனைவி. தூத்துக்குடியில் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து, கிளைடர் ஓட்டக் கற்று, அதற்குப் பிறகும் விடாமல் ஓட்டி, சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்தவள். கிளைடர் என்பது என்ஜின் இல்லாத விமானம். தரையில் விஞ்ச் என்று ஒரு இயந்திரம் நீளக் கம்பியைச் சுற்றி இழுத்து அதை மேலே ஏற்றும். உயரம் போனதும் ஓட்டுகிறவர் கம்பியைக் கழற்றி விட்டுவிடுவார். பிறகு காற்றுதான். இந்த விவரங்களை அவள் முதன்முதலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கயித்தைக் கழட்டி விட்டுட்டா பெறவு?" என்று கேட்டாள். "அப்புறந்தானுங்க மாமி பறக்கறதே" என்றாள் மைனி. கல்யாணமாகி வந்த புதிது, அதனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அம்மா கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அம்மாவின் அப்பா சங்கு குளித்தவர். கடலடிக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான், அதாவது மனைவியோடு பிறந்தவன்தான், படகில் இருந்து பிடிப்பான் என்பது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். தங்கச்சி தாலிக்காக அவன் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப மாட்டான் என்று நம்பிக்கை. தாத்தாவின் கடைசி நாளில் ஆச்சி மணப்பாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். துணைக்குப் போனவன் அவள் தம்பி. கயிற்றை வேறு யாரோ பிடித்தார்கள். தாத்தாவை உயிரோடு மேலே எடுக்க முடியவில்லை. அம்மாவுக்கு அப்போது சின்ன வயது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஆண்பிள்ளை கடலில் இருக்கும்போது அவன் மனைவி ஊரைத் தாண்டக் கூடாது. என் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய காலம் முழுக்க அம்மா திருநெல்வேலிக்குக்கூடப் போகாமல் இருந்தவள். தனக்கு ஒரு சட்டம், மருமகளுக்கு ஒரு சட்டம் என்று வைத்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

அண்ணன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். ஏறினால் எட்டு மாதமோ ஒன்பது மாதமோ, அவன் கம்பெனி விட்டபோதுதான் கரை. அப்படியானால் அவன் கரையில் இருக்கும்போது மைனி போகலாம் அல்லவா? அங்கேதான் பூட்டு. அவன் வந்துவிட்டால், "இருக்கிறதே கொஞ்ச நாள், இப்பப் போயி ஏன்?" என்பான். மாதா கோயில், சொந்தக்காரர் வீட்டு விருந்து, மொட்டைமாடி ஒழுகலுக்குப் பூச்சு, அவனுக்குப் பிடித்த மீன், அவன் நண்பர்கள். அவன் கிளம்பியதும் அம்மாவின் சட்டம். அவன் போனாலும் போகக் கூடாது, வந்தாலும் போகக் கூடாது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை, அதுதான் கொடுமை. வையக்கூட முழுசாக ஒரு ஆள் இல்லை. பிள்ளை இல்லாததற்கும் ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவளே. நான் கல்யாணமே வேண்டாம் என்று சண்டை போட்டு ஜெயித்து, கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலையும் வாங்கிக்கொண்டவள். என் சண்டை எனக்கு மட்டும்தான் உதவியது.

நூல் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒருநாள் காலையில் அம்மா முற்றத்தில் நின்று கத்தினாள். கார்க் கண்ணாடியில் யாரோ சிவப்பு நூல் ஒட்டி வைத்திருக்கிறார்கள், செய்வினை, கப்பலில் இருக்கும் பிள்ளைக்குத்தான் குறி வைத்திருக்கிறார்கள் என்று ஒரே களேபரம். மாதா கோயில் உபதேசியாரைக் கூட்டிவந்து, அவர் பானெட்டுக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, நூலை விரலால் தொடாமல் ஈர்க்குச்சியால் கிளப்பப் போகும்போதுதான் மைனி கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஐயோ, அது நான் ஒட்டினதுங்க" என்றாள். உபதேசியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஈர்க்குச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதைக் குடைய ஆரம்பித்துவிட்டார்.

கிளைடர் ஓட்டுகிறவரின் கண்ணெதிரே, கண்ணாடிக் கூண்டின் மேல், இப்படி ஒரு நூல் ஒட்டியிருக்கும் என்று அவள் விளக்கினாள். முன்நுனி ஒட்டியிருக்கும், பின்நுனி காற்றில் கிடக்கும். விமானத்தின் மூக்கு பார்க்கும் திசையிலேயே விமானமும் போனால் நூல் நேராகப் பின்னால் படுத்திருக்கும். மூக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம் என்று சறுக்கினால் நூலின் வால் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வால் இடப்பக்கம் சாய்ந்தால் வலது காலை அழுத்த வேண்டும், வலப்பக்கம் சாய்ந்தால் இடது காலை. எத்தனையோ விலை உயர்ந்த கருவிகள் இருந்தாலும் இந்த நூலை யாரும் எடுப்பதில்லையாம். "உடம்பு பொய் சொல்லுமுங்க. கோணலாப் போயிட்டிருப்போம், ஆனா நேராப் போறாப்புலயே இருக்கும். நூலு பொய் சொல்லாது" என்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏளா, அந்த மறுமுனைய யாரு பிடிச்சிருப்பா?" யாரும் பிடிப்பதில்லை என்று மைனி சொன்னதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் நூலை எடுக்கச் சொல்லவில்லை.

காரை ஓட்டுவது நான். அம்மா பின்னால், மைனி என் பக்கத்தில். துறைமுகச் சாலையில் உப்பளங்களைத் தாண்டும்போது, ஆடி மாதத்துக் கச்சான் காற்று பக்கவாட்டில் அறையும். நூல் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்போது மைனியின் கால் அவளை அறியாமல் தரைவிரிப்பை அழுத்தும். காரை அது எதுவும் செய்யாது என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் அழுத்துவாள். வீட்டில்கூட இதைக் கவனித்திருக்கிறேன். யாராவது பெண்கள் வந்து, "விசேஷம் ஒண்ணுமில்லையா?" என்று கேட்கும்போது மேசைக்கு அடியில் அவள் இரண்டு காலும் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். மேலே முகம் சிரித்துக்கொண்டிருக்கும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

ஒருமுறை அவள் கிளம்பியேவிட்டாள். வடக்கே அவள் பழைய கிளைடிங் கிளப்பில் மறுபயிற்சி. பல வருடம் ஓட்டாதவர் அதை முடித்தால்தான் திரும்பவும் சொல்லிக்கொடுக்க முடியும். அம்மாவுக்குத் தெரியாமல் நானே ஸ்டேஷனில் கொண்டு விட்டேன். அன்றைக்குப் பார்த்து அண்ணனிடமிருந்து செய்தி இல்லை. நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் இருப்பது வழக்கம்தான். ரயில் மணியாச்சியில் நின்றதுமே அவள் எனக்கு போன் போட்டாள். "எறங்கிட்டேன். வந்து கூட்டிட்டுப் போ" என்றாள். போய் ஏற்றிக்கொண்டேன். "உனக்கும் அந்த நம்பிக்கை வந்துட்டா மைனி?" என்று கேட்டேன். "இல்லை. ஆனா அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இனி அது என் பேர்லதான் எழுதுவாங்க. நானே எழுதிக்குவேன்" என்றாள். மறுநாள் அண்ணன் கப்பலில் போட்ட பிரியாணியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதற்கடுத்த வருடம் கிளப்பிலிருந்து அவளுடைய பழைய ஆசிரியை கூப்பிட்டார். இந்த முறை வராவிட்டால் வேறொருவரை எடுத்துவிடுவோம், பிறகு இடம் இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டார். அண்ணன் அப்போது ஊரில்தான் இருந்தான், வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இரவுச் சாப்பாட்டில் மைனி கேட்டாள். குரலில் கெஞ்சல் இல்லை. மூன்று வாரம், இந்த முறை தவறினால் அவ்வளவுதான் என்று விஷயத்தை மட்டும் சொன்னாள். அண்ணன் சீலா மீனில் முள் எடுத்துக்கொண்டே, "நான் இருக்கிறதே கொஞ்ச நாளு. அதுல மூணு வாரத்த அங்கன போட்டா எப்படி? அடுத்த தடவ பாப்போம்" என்றான். நல்லவன்தான் என் அண்ணன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு கடுமையும் இல்லை. மைனி சரி என்று தலையாட்டிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. "அவ என்ன நீ பூட்டிட்டுப் போற பீரோவா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"ஏளா, உக்காரு" என்றாள் அம்மா. எனக்கு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ கடல்ல இருக்கும்போது அவ போவக் கூடாதுன்னு சொன்னது நான். இப்ப நீதான் குத்துக்கல்லு மாதிரி முன்னால உக்காந்திருக்கியே. இப்பவும் போவக் கூடாதுன்னு யாருல சொன்னது?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "இத்தன வருசமா நானுல்லா கெட்ட பேரு வாங்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள் அம்மா. அந்த வார்த்தையில் உண்மையான வலி இருந்தது. பிறகு மைனியைப் பார்க்காமலே, "துணிமணிய எடுத்து வை. வடக்க குளிரும்" என்றாள். மைனி அழுதாள். இத்தனை வருடத்தில் நான் பார்க்க அவள் அழுதது அன்றைக்குத்தான்.

இப்போது வருடத்தில் பாதி நாள் மைனி அங்கேதான் இருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அண்ணனுக்கு அது பழகிவிட்டது, அல்லது பழகிவிட்டது போல நடந்துகொள்கிறான். ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு மறக்க முடியாதது அந்த மூன்று வாரத்தில், பல வருடத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்த சாயங்காலம்தான். "மேலே போறேன். இறங்கிட்டுக் கூப்பிடறேன்" என்று எனக்குச் செய்தி வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துத் தலைவாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் அண்ணன் தலையைச் சீவி, சென்ட் அடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான்.

"எங்கனல கெளம்பிட்ட?"

"சும்மா, பீச் ரோடு வரைக்கும். பயலுவ நிக்கானுவ."

"உம் பொண்டாட்டி மேல இருக்கா" என்றாள் அம்மா. "எறங்கிட்டேன்னு போன் வாற வரைக்கும் நீ வாசல் தாண்டக் கூடாது."

அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை, ஜெபமாலையில் அடுத்த மணியைத் தள்ளினாள். தெருவில் அவன் நண்பர்கள் பைக் ஹாரனை அடித்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ வருடம் மைனி இதே இடத்தில் நின்று என்னைப் பார்த்த அதே பார்வை. அவன் செருப்பைக் கழற்றினான்.