கொக்குப்பாறை விளக்கு பிறந்த ஆண்டு

நேசையனுக்குக் கோபம் வந்தால் கண்ணாடி துடைப்பார். கொக்குப்பாறை விளக்கைச் சுற்றியிருந்த கண்ணாடி ஆளுயரம். மான்தோலால் பட்டை பட்டையாகத் துடைத்து முடிக்க இரண்டு மணி நேரமாகும். 1950 முதல் 1954 வரை அந்தக் கண்ணாடி மின்னியதுபோல் முன்னும் மின்னியதில்லை, பின்னும் மின்னியதில்லை என்று அவருக்குக் கீழே வேலை பார்த்த பூதலிங்கம் சொல்வார்.

கொக்குப்பாறை, கரையிலிருந்து நாலு மைல் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் ஒரு கருங்கல் திட்டு. மேலே விளக்குக் கோபுரம், அதன் காலடியில் இரண்டு அறை கொண்ட வீடு, ஒரு மண்ணெண்ணெய்க் கொட்டகை. கிணறு கிடையாது. படகோட்டி அல்போன்சின் வள்ளத்தில் வாரம் ஒருமுறை தண்ணீரும் அரிசியும் தபாலும் வரும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் ஒன்றரை மாதத்துக்கு எதுவும் வராது.

நேசையன் 1941-இல் அங்கே பெரிய விளக்குக்காரராகப் போனார். சொந்த ஊர் திருவட்டாற்றுக்குப் பக்கம். மனைவி ஞானபாய் எதிர்க்கரையில் ஒரு வாடகை வீட்டில் ரேந்தை என்னும் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேசையனுக்குப் பத்து நாள் விடுப்பு. கல்யாணமாகி இருபத்திமூன்று வருடத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஐந்து வருடம் தேறாது. நேசையனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஓய்வு பெறுவதற்குள் கரையில் இருக்கும் ஒரு விளக்குக்கு மாற்றல்.

திருவிதாங்கூர் அரசின் விளக்குகள் 1950-இல் மத்திய அரசின் கீழ்ப் போயின. புதிய மேலாபீஸ் ஒரு படிவம் அனுப்பியது. நிலையத்தின் வரலாறு எழுத வேண்டும். யார் கட்டியது, எத்தனை அடி உயரம், முதன்முதலில் விளக்கு ஏற்றியது என்றைக்கு. கீழே ஒரு குறிப்பு: வரலாற்றுத் தாள் ஏற்கப்படும்வரை எந்தப் பெரிய விளக்குக்காரருக்கும் மாற்றல் இல்லை.

ஒரு பகல் வேலை என்று நேசையன் நினைத்தார். பழைய நிலையப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது: 1059 கும்பம் 12, அந்தியில் முதல் விளக்கு ஏற்றியது. பூதலிங்கத்துக்கு இங்கிலீஷ் எழுத்து முத்து முத்தாக வரும். அவர் கும்பம் பன்னிரண்டை மினக்கெட்டுக் கணக்குப் பார்த்து பிப்ரவரி 22 என்று மாற்றினார். வருடத்தை அப்படியே 1059 என்று எழுதினார். நேசையன் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருவரும் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டில் பிறந்து, கொல்லம் ஆண்டில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'சுமார் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்படி பாறையில் விளக்கு ஏற்றியவர் யார் என்பதையும் தெரிவிக்கவும்.'

"எழுதும்போது பாக்கல்லியாடே?" என்றார் நேசையன்.

"நீங்களும் ரெண்டு மட்டம் வாசிச்சியளே அண்ணாச்சி."

"வாசிச்சேன். எனக்கு அது வருசமாட்டுத்தான் தெரிஞ்சுது."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. பின்ன என்னைய ஏசினா எப்படி?"

நேசையன் மான்தோலை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

திருத்திய தாளில் 1884 என்று எழுதினார். அதற்கும் மறுப்பு வந்தது. ஆபீசில் இருக்கும் அச்சிட்ட பட்டியலில் 1883 என்று இருக்கிறதாம். வித்தியாசத்தை விளக்கவேண்டுமாம்.

விளக்கம் எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்டவேண்டும். ஜனவரி பிறந்துவிட்டால் 825. கும்பம் என்பது மாசி. ஆகவே 825. பட்டியல் போட்டவர் எல்லா மாதத்துக்கும் 824-ஐக் கூட்டிவிட்டார், அவ்வளவுதான். நேசையன் இதை இரண்டு பக்கத்தில் எழுதினார். புரியாமல் போய்விடக் கூடாது என்று பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டுக் காட்டினார். 'விளக்கம் நீளமாக உள்ளது. கல்வெட்டு இருந்தால் அதன் நகலை அனுப்பவும்' என்று பதில் வந்தது.

கல்வெட்டு இருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருடத்து வெள்ளம், அதாவது 1924 பெருமழையின்போது கோபுரவாசல் இடிந்து, பழுது பார்க்கக் கல்லைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு மறந்துவிட்டார்கள். அடுத்த விடுப்பில் நேசையன் கல்லைத் தேடிப் போனார். அல்போன்ஸ் கடற்கரையில் சிலுவை நின்ற குருசடியைக் காட்டினார்.

"அந்தா, குருசுக்கு அடியில. எங்க அப்பன்தான் கொண்டு வச்சாரு."

"எழுத்து எந்தப் பக்கம்?"

"கீழ்ப்பக்கம். மேல எழுத்து இருந்தா மெழுகுவத்தி சரியாட்டு நிக்காதுல்லா."

"ஒரு நாளைக்கு எடுத்துப் பாத்துட்டு வச்சிரலாமா?"

அல்போன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாரே, நீரு வேற சபை. குருசைப் பேத்து எடுக்கணும்னு கேக்குதீரு. எங்கிட்ட கேட்டது கேட்டீரு, வேற ஆருகிட்டயும் கேட்டுராதேயும்."

இந்த நிலையில், 1951 ஜனவரியில், கரையிலிருந்த ஒரு விளக்கில் இடம் காலியாயிற்று. மாதக் கடைசிக்குள் கொக்குப்பாறையின் தாள் சரியானால் நேசையனுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு.

"எம்பத்திமூணுன்னு எழுதிவிடுங்க அண்ணாச்சி" என்றார் பூதலிங்கம். "ஒரு வருசம் முந்திப் பிறந்தா விளக்குக்கு நரைச்சிருமா?"

"மாசி மாசம் ஏத்தின விளக்கு எப்படிடே எம்பத்திமூணாவும்?"

"ஆவாது. எழுதினா மாற்றல் ஆவும்."

நேசையன் நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் காலை வள்ளம் வந்தபோது 1883 என்று எழுதிக் கையெழுத்திட்டு, உறையை ஒட்டி அல்போன்சிடம் கொடுத்தார். வள்ளம் புறப்பட்டது. அவர் மேலே ஏறிக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தார். மூன்று பட்டைதான் துடைத்திருப்பார். வேகமாக இறங்கி வந்தார். பெட்டியைத் திறந்து சிவப்புக் கொடியை எடுத்தார்.

பாறையில் சிவப்புக் கொடி ஏறினால் உயிருக்கு ஆபத்து, அல்லது உயிர் போய்விட்டது என்று பொருள். நேசையன் காலத்தில் அது ஒருமுறைகூட ஏறியதில்லை.

பாதி வழியிலிருந்து அல்போன்ஸ் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வேர்வையில் குளித்திருந்தார். "ஆருக்கு என்ன? பூதலிங்கம் சாருக்கா?"

பூதலிங்கம் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கடுதாசியத் திருப்பித் தா அல்போன்சு" என்றார் நேசையன். "அதுல ஒரு வருசம் தப்பு."

அல்போன்சுக்கு இது விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் துடுப்பைக் கீழே போட்டார். "ஒரு வருசத்துக்காட்டா கொடி ஏத்தினீரு? எனக்க நெஞ்சு வெடிக்க வலிச்சிட்டு வாறேன். ரெண்டு கட்டுமரக்காரனுவ கொடியக் கண்டுட்டுக் கரைக்குப் பாஞ்சிருக்கானுவ. இந்நேரம் எங்க கோயில்ல உமக்குத் துட்டி மணி அடிச்சிருப்பாவ. நீரு எங்க சபைகூட இல்ல வேய்!"

உயிரோடு இருப்பதைக் காட்ட நேசையனே கரைக்குப் போகவேண்டியதாயிற்று. மணற்பரப்பில் ஊரே நின்றது. "செத்த ஆளு எறங்கி வாறாரு பாருங்க" என்று ஒரு பெண் சொன்னாள். கூட்டத்துக்கு முன்னால் ஞானபாய் செருப்பில்லாமல் நின்றிருந்தார். ரேந்தை நூல் ஒன்று அவர் விரலில் சுற்றிக் கிடந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லேட்டி" என்றார் நேசையன். "கடுதாசியில..."

"தெரியும். அல்போன்சு கத்திக்கிட்டே வந்தான்." விரலில் கிடந்த நூலை அவிழ்த்தார். "எது சரி?"

"எம்பத்திநாலு."

"எம்பத்திமூணுன்னு போயிருந்தா, அடுத்த மாசம் நீங்க வீட்டுல இருப்பிய."

"ஆமா."

ஞானபாய் வீட்டைப் பார்த்து நடந்தார். மாதக் கடைசி தாண்டியது. கரை விளக்கின் வேலை அடுத்தவருக்குப் போயிற்று.

அடுத்த வாரம் வள்ளத்தில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஞானபாய் உட்கார்ந்திருந்தார். மடியில் ரேந்தை பின்னும் தலையணை, காலடியில் தகரப்பெட்டி. பெரிய விளக்குக்காரரின் மனைவி பாறையில் தங்கலாம் என்று விதி இருந்தது. தண்ணீர் இல்லாத கல்லில் யாரும் வந்து தங்கியதில்லை, அவ்வளவுதான்.

"இங்க எப்படி இருப்ப?" என்றார் நேசையன்.

"நீங்க எப்படி இருக்கியளோ அப்படி. இன்னொரு தடவ கொடியப் பாத்துட்டு மணல்ல ஓட எனக்குக் கால் இல்ல. பெட்டியப் பிடிங்க."

சுகமாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. உப்புக்காற்றில் ரேந்தை நூல் மஞ்சளாயிற்று. விளக்கின் சக்கரத்துக்கு இரண்டு மணிக்கொருமுறை சாவி கொடுக்க நேசையன் எழுந்திருக்கும்போதெல்லாம் ஞானபாய்க்குத் தூக்கம் கலைந்தது. குளிக்க ஒரு செம்பு, துவைக்க இரண்டு செம்பு என்று நேசையன் அளந்து வைத்ததில் தினமும் சண்டை வந்தது. "இவ்வளவு காலமும் நான் ரொம்ப நிம்மதியாட்டு இருந்திருக்கேன், எனக்குத்தான் தெரியல்ல" என்று ஞானபாய் பூதலிங்கத்திடம் சொல்வார். பூதலிங்கம் எந்தப் பக்கமும் பேசமாட்டார்.

1954 தை மாதம் மேலாபீசிலிருந்து கடிதம் வந்தது. கொக்குப்பாறை நிலையத்தின் வரலாறு ஏற்கப்பட்டது. முதல் விளக்கு ஏற்றிய ஆண்டு, அச்சிட்ட பட்டியலின்படி, 1883. பெரிய விளக்குக்காரர் இதற்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பினால் அடுத்த மாதமே கரைக்கு மாற்றல். ஆட்சேபம் இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

நேசையன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு மான்தோலைத் தேடினார். ஞானபாய் அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். ஈரமாக இருந்தது.

"அது காயட்டும். இங்க இருங்க" என்றார் ஞானபாய். கடிதத்தை வாங்கி வாசித்தார். "கரை வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அங்க கிணறு இருக்கு. மக ஒரு நாள் பஸ்ஸுல வந்துட்டுப் போவா."

"அப்ப கையெழுத்துப் போடட்டுமா?"

"போட்டா உங்களுக்கு உறக்கம் வருமா?"

நேசையன் மான்தோல் காயும் பக்கம் பார்த்தார்.

"வராது. பின்ன என்னையும் உறங்க விடமாட்டிய. அங்க கிணறு இருந்து எனக்கு என்ன பிரயோசனம்?" அவர் கடிதத்தைத் திருப்பி வைத்தார். "முன்னால நான் அங்கயும் நீங்க இங்கயும் கெடந்தோம். அப்பவே தப்பா எழுத உங்களால முடியல்ல. இப்ப ரெண்டு பேரும் ஒரு எடத்துலதான இருக்கோம்? எழுதுங்க. கட்டம் எல்லாம் போடாதிய. ஒரு பக்கத்துக்குள்ள எழுதுங்க."

நேசையன் ஒன்றேகால் பக்கம் எழுதினார். கீழே படகடியில் அல்போன்ஸ் கத்தினார். "சாரே, அலை கூடுது! கடுதாசி உண்டா, இல்லியா?"

"உண்டு, நில்லு!" என்று நேசையன் வாசலிலிருந்து பதில் கொடுத்தார். உறையை ஒட்டினார். ஞானபாய் அதை அவர் கையிலிருந்து வாங்கி, தாமே படியிறங்கிப் போய் அல்போன்சிடம் கொடுத்துவிட்டு, அடுத்த முறை தண்ணீர்ப் பீப்பாய் இரண்டு போதாது, மூன்றாக வேண்டும் என்று சொன்னார்.