ஜெயபுஷ்பம் வைக்காத பொட்டு

முத்துமாரிக்கு ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் வேலை. டாக்டர் எழுதுகிற ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அதைத் தேடிப் பிடித்து ஃபைலில் ஏற்றுவதுதான் மெடிக்கல் கோடிங். இதைச் சொந்த ஊரான அணைக்கட்டில் தன் தெருவுக்குப் புரியவைக்க அவளால் மூன்று வருடமாக முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் இன்றைக்கும், "கோடு போடவா டிகிரி படிச்ச? எங்க வூட்டு வாசல்லயும் நாலு போட்டுட்டுப் போ" என்கிறாள்.

அவளுக்கு மனிதர்களே எண்கள்தான். ரெக்கார்டு ரூமில் பக்கத்து நாற்காலிக்காரியான நான் ரெண்டு தடவை தும்மினால், "ஜே முப்பது ஆரம்பிச்சிடுச்சு" என்பாள். பள்ளிகொண்டாவில் பஸ் மாறும்போது ஒரு கண்டக்டரின் கன்னத்தில் மங்கு படர்ந்த கறுப்பைப் பார்த்து "எல் எண்பத்தொன்னு" என்று முணுமுணுக்க, அவர் அந்த நம்பர் பஸ் இந்த ரூட்டில் வராது என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் ஜெயபுஷ்பம் எங்கள் கவுன்டருக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஷூ ஃபேக்டரியில் பேஸ்டிங் செக்‌ஷன். தோலில் பிரஷ்ஷால் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிற வேலை. புருவங்களுக்கு நடுவே, கரிக்கட்டையால் தேய்த்த மாதிரி வட்டமாக ஒரு கறுப்பு. மங்கு என்று நினைத்து ஒரு வருடம் கிரீம் பூசிவிட்டு, கடைசியில் எங்கள் தோல் டாக்டரிடம் காட்டியிருந்தார். ரிப்போர்ட்டில் டாக்டர் எழுதியிருந்தது: ஸ்டிக்கர் பொட்டின் பசையால் வந்த ஒவ்வாமை, அதனால் கறுப்பு. அதற்கு எல் 23.1 என்று எண் போட்டு அனுப்பியது முத்துமாரிதான். ஒட்டும் பசையால் வரும் ஒவ்வாமைக்கு அதுதான் எண்.

தனக்குப் பசை ஆகாது என்று அந்தத் தாளோடு ஃபேக்டரிக்குப் போய் வேறு செக்‌ஷன் கேட்டிருக்கிறார். ஃபேக்டரியின் வெல்ஃபேர் ஆபீசர் ரஃபி அகமது தாளைப் பார்த்துவிட்டு, பொட்டை நிறுத்துங்கள், கறுப்பு தானாகக் கம்மியாகும், இதற்கெல்லாம் செக்‌ஷன் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். ரகசியமாகச் சொல்கிற குரல் அவருக்குக் கிடையாது. லைன் முழுக்கக் கேட்டது. ஜெயபுஷ்பம் பெந்தெகொஸ்தே சபை, கம்மல்கூடப் போடாதவர்; பொட்டு அங்கே கூடவே கூடாது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குள் விஷயம் சபைக்குப் போய்விட்டது. விஷயம் தெளிவாகும்வரை, இத்தனை நாள் சபையில் அவர் நடத்திவந்த பாட்டை நடத்த வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

"நான் ஞானஸ்நானம் எடுத்து இருவது வருசமாவுது பாப்பா. பொட்டுன்ற அந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சுக் குடு."

"டாக்டர் எழுதினத நான் தொடக்கூடாதுக்கா."

அதற்குள் வியர்வையில் அவருடைய மூக்குக்கண்ணாடி வழுக்கியது. நடுவிரலால் மேலே தள்ளினார். நகக்கண்ணில் காய்ந்த சொல்யூஷன். விரல் போய்ப் பட்ட இடம் அதே வட்டம். முத்துமாரி அந்த விரலையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். 

ஃபைலைத் திறந்தாள். டாக்டரின் கம்ப்யூட்டரில் தயாராக ஒரு பாரா இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் வந்து விழும்: 'நோயாளி பல ஆண்டுகளாக ஸ்டிக்கர் பொட்டு உபயோகிக்கிறார்.' அன்று அறுபத்திரண்டு பேர் வரிசையில். பட்டனைத் தட்டியாயிற்று; நெற்றியைப் பார்த்துக் கேட்க நேரமில்லை.

கோடிங் செய்பவர் டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். ஆனால் பதிலை டாக்டர் வாயில் ஊட்டக்கூடாது. ஃபேக்டரி சொல்யூஷன்தானே சார் என்று கேட்டால் அது முறையல்ல. மூன்று தாளைக் கிழித்துப் போட்டபின் அவள் எழுதியது: 'பொட்டு வைப்பதில்லை என்று நோயாளி கூறுகிறார். அவர் தோலில் படும் பசை எது என்று விசாரித்துத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.'

டாக்டர் பிரேம்நாத் செவ்வாயும் வெள்ளியும் வேலூரிலிருந்து வருவார். வார்த்தைகளின் வாலை விழுங்கிவிடுவார். செவ்வாய்க்கிழமை அந்தத் தாளோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"எந்தப் பசையா இருந்தா என்னம்..? நம்பர் அதேதா..?"

"நம்பர் அதேதான் சார். ஆனா பொட்டு வெக்காத ஆள வெக்கிற ஆளா எழுதியாச்சு."

அவர் தாளை மறுபடி படித்தார். பிறகு ஜெயபுஷ்பத்தை வரவழைத்து, இந்த முறை நிதானமாகக் கேட்டார். முதுகில் ரெண்டு இடத்தில் பரிசோதனைப் பட்டை ஒட்டினார்கள். ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டின் பசை. பொட்டு முத்துமாரியின் கைப்பையிலிருந்து. இன்னொன்றில் ஃபேக்டரி சொல்யூஷன். வியாழக்கிழமை நர்ஸ் பட்டையைப் பிரித்தார்; வெள்ளிக்கிழமை டாக்டர் பார்த்தார். பொட்டின் இடம் சுத்தம். சொல்யூஷன் இடம் சிவந்து தடித்திருந்தது.

டாக்டர் பழைய பாராவை ரத்து செய்து, கண்ணாடியைத் தள்ளும் விரல் வழியாக வேலையிடத்துப் பசை பட்டு வந்தது என்று சொந்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தட்டினால் விழும் பாராவையும் அழித்தார். இப்போது முத்துமாரி இன்னோர் எண்ணைச் சேர்க்கலாம்: ஒய் 96, வேலையால் வந்தது. அதுவரை அவள் ஒருமுறைகூடப் போட்டிராத எண். ஒற்றை விரலால், அவ்வளவு மெதுவாகத் தட்டினாள்.

"ரெண்டு காப்பி குடு பாப்பா," என்றார் ஜெயபுஷ்பம். "ஒன்னு ஃபேக்டரிக்கு. ஒன்னு சபைக்கு."

ரஃபி அகமது ரெண்டு தடவை படித்துவிட்டு, லைன் முழுக்கக் கேட்கிற அதே குரலில் மன்னிப்புக் கேட்டார். திங்கள் முதல் ஜெயபுஷ்பத்துக்குப் பசை படாத செக்கிங் செக்‌ஷன். பேஸ்டிங்கில் கண்ணாடி போட்ட மூன்று பெண்களையும் அவரே எங்களிடம் அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வரச்சொல்லி முத்துமாரிக்கு அழைப்பு. பொட்டை எடுத்துவிட்டு வரவா என்று தயங்கினாள். "வெச்சுக்கினே வா," என்றார் ஜெயபுஷ்பம். "வெக்கிறவங்கள வெக்கிறவங்கன்னு சொன்னா இன்னா தப்பு?"

துணைக்கு நானும் போனேன். சாட்சி சொல்லும் நேரத்தில் ஜெயபுஷ்பம் வெள்ளைப் புடவையில் எழுந்து, மைக்கை வாங்கி, டாக்டர் தாளை முதல் வரியிலிருந்து வாசித்தார். "எல் இருபத்திமூணு புள்ளி ஒன்னு. ஒய் தொண்ணூத்தாறு." யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாஸ்டர் ஸ்தோத்திரம் என்றார். கூடமே அல்லேலூயா என்றது. ரெண்டாவது வரிசையில் பொட்டோடு உட்கார்ந்திருந்த முத்துமாரிக்கு மட்டும் அந்த எண்கள் புரிந்து, கண் கலங்கியது.

பாஸ்டர் மைக்குக்குக் கை நீட்டினார். ஜெயபுஷ்பம் கொடுக்கவில்லை. கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிக்கொண்டு பாட்டை ஆரம்பித்துவிட்டார்.